மீன் தொட்டியை அணி செய்தல்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்களை வளர்த்து மகிழும் வழக்கம் நம் நாட்டில் இல்லங்கள் பலவற்றிலும் பள்ளிகள் சிலவற்றிலும் காணப்படுகின்றது. சென்னையில் கொளத்தூர் என்னும் பகுதி வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்றது. அத்தகைய கடைகளுக்குச் செல்லும் இளைஞர்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மீனைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும், மீனுடன் தொட்டிக்குள் வைக்க வேண்டிய பொருள்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே அவர்கள் மிகுதியான நேரத்தைச் செலவிடுகின்றனர். செந்நிறக் கற்கள், நீல நிறக் கற்கள், பிளாஸ்டிக் செடிகள், சிறு கோட்டைகள், கவிழ்ந்த கப்பல்கள், சங்குகள், பவளத் துண்டுகள் ஆகிய யாவும் அவர்கள் கருத்தைக் கவர்கின்றன. கண்ணுக்கு இனியது எதுவோ அதுவே அவர்கள் கைக்கு வருகின்றது.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆயினும், மாணவர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. நம் அறையின் சுவரில் தொங்கும் ஓவியத்தை நாம் பார்ப்பதற்காகவே மாட்டுகிறோம். அந்த ஓவியத்துக்குள் எவரும் குடியிருப்பதில்லை. மீன் தொட்டியோ அவ்வாறன்று. அது நமக்குக் காட்சி, மீனுக்கு வீடு. அந்த வீட்டில் வைக்கப்பட்ட பொருள் தீங்கானது என்று மீன் உணர்ந்தாலும் வெளியேறிச் செல்ல அதற்கு வழி இல்லை; வாய் திறந்து சொல்லவும் இயலாது. ஆதலின், தொட்டியை அணி செய்பவர் தம் கண்ணைக் கொண்டு மட்டும் பொருளைத் தேர்ந்தெடுத்தல் தகாது. அங்கே வாழப்போகும் உயிரின் நிலையில் நின்று அதனை ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயும் முறையினை இங்குக் காண்போம்.

ஆற்றிலும் ஏரியிலும் வாழும் மீனைச் சுற்றிலும் கல், மரம், இலை, மண் எனப் பல பொருள்கள் கிடக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து வேண்டாத பொருள் சிறிது கரைந்தாலும், ஓடுகின்ற நீர் அதனைக் கொண்டு சென்றுவிடும். நீர் ஓடாத இடமாயின் மீன் வேறிடம் நோக்கிச் சென்றுவிடும். தொட்டியில் இவ்விரண்டும் நிகழ்வதில்லை. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி ஒன்றைக் கருதுவோம். விளிம்பு வரை நிரப்பினாலும் அது கொள்ளும் நீர் 54 லிட்டரே. அதில் 10 கிலோகிராம் கருங்கல்லை அடுக்கினால், ஏறத்தாழ 3.7 லிட்டர் நீருக்குரிய இடத்தைக் கல் பிடித்துக்கொள்ளும். எஞ்சிய நீரே மீனுக்கு உலகம். அந்நீரையே மீன் இரவும் பகலும் வாயினால் வாங்கிச் செவுள்களின் வழியாக வெளியேற்றிப் பிராணவாயுவைப் பெறுகின்றது. செவுளின் தோல் மிக மெல்லியது. அதனை ஒட்டியே குருதி ஓடுகின்றது. எனவே நீரில் கரைந்த பொருள் எதுவாயினும் அது மீனின் குருதிக்கு அண்மையில் வந்துவிடுகின்றது.

இந்த அடிப்படையை மனத்தில் இருத்திக்கொண்டால், தொட்டிக்குள் செல்லும் ஒவ்வொரு பொருளையும் நோக்கி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே அமைந்துவிடும். இது கரையுமா? இது காயப்படுத்துமா? இது சிக்க வைக்குமா? இது அழுகுமா? இந்நான்குக்கும் 'இல்லை' என்ற விடை கிடைத்த பின்னர், 'இதனால் மீனுக்கு ஏதேனும் நன்மை உண்டா?' என்று ஐந்தாவதாக ஒன்றைக் கேட்டல் வேண்டும்.

முதற்கேள்வியைப் பார்ப்போம். கல் நீரில் கரையாது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். கருங்கல், வெங்கச்சங்கல், பலகைக்கல் ஆகியவற்றைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. ஆனால் சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் அவ்வாறானவை அல்ல. அவை கால்சியம் கார்பனேட்டு என்னும் பொருளால் ஆனவை. மீன் வெளிவிடும் கரியமிலவாயு நீரில் கலந்து மெல்லிய அமிலம் ஆகின்றது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. அதனால் நீரின் கடினத்தன்மை மிகுகின்றது, காரத்தன்மையும் உயர்கின்றது. கடற்கரையில் நாம் ஆசையோடு பொறுக்கி வரும் சிப்பி, சங்கு, பவளத் துண்டு ஆகியவையும் இதே பொருளால் ஆனவையே. கடல்நீர் மீனுக்கு அவை உறவு. நன்னீர் மீன்கள் பலவற்றுக்கு அவை பகை.

காரத்தன்மை சிறிது உயர்ந்தால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகின்றது. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அதன் தீமை குறைவு. மற்றொன்று அம்மோனியா வாயுவாகவே கரைந்திருப்பது; அது செவுள்களைக் கெடுக்கும் நஞ்சு. நீரின் அமில நிலையையும் கார நிலையையும் அளக்கும் பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு உயருமாயின், அந்த நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். தொட்டியில் கழிவு கூடவில்லை, உணவு கூடவில்லை, மீனும் கூடவில்லை. அழகுக்காக வைத்த சுண்ணாம்புக்கல் ஒன்றே முன்பிருந்த கழிவை நஞ்சாக மாற்றிவிட்டது. இவ்வாறு ஒரு பொருள் தான் நஞ்சாக இல்லாமலே பிறிதொன்றை நஞ்சாக்கவும் கூடும் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

கல்லைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. கல்லை நன்றாகக் கழுவி உலர்த்தி, அதன்மேல் வினிகர் என்னும் காடியைச் சில துளிகள் விடுக. நுரைத்துக் குமிழிகள் எழுந்தால் அது சுண்ணாம்பு கலந்த கல். காடி வலிமை குறைந்த அமிலமாதலின், குமிழி எழாத கற்களையும் உடனே ஏற்றுக்கொள்ளாமல், ஒரு வாளி நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் நீரின் பி.எச். அளவைப் பார்த்தல் நன்று. உலோகம் போல் மின்னும் கோடுகளோ துருப்போன்ற படிவுகளோ உடைய கற்களை விலக்கிவிடுவதே அறிவுடைமை.

எல்லா மீனுக்கும் ஒரே விதி பொருந்தும் என்று எண்ணுதலும் தவறு. ஆப்பிரிக்காவிலுள்ள தங்கனீக்கா ஏரியின் நீர் இயல்பாகவே கடினமும் காரத்தன்மையும் வாய்ந்தது. அங்கு வாழும் சிறு மீன் இனங்கள் சில, இறந்த நத்தைகளின் வெற்று ஓடுகளையே வீடாகக் கொண்டு, அவற்றினுள்ளேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அம்மீன்களை வளர்ப்போர் தொட்டியில் நத்தை ஓடுகளை இடுவது அணி செய்வதற்காக அன்று. வீடு கட்டிக் கொடுப்பதற்காக. தென் அமெரிக்க ஆறுகளின் மென்னீரில் வாழும் நியான் டெட்ராவுக்கோ அதே ஓடு துன்பம் தரும். ஆகவே, பொருளை வாங்கும் முன் மீனின் ஊரை அறிந்துகொள்க.

கரையும் பொருள்களுள் மிகவும் அஞ்சத்தக்கவை உலோகங்கள். செம்பு, செம்பு கலந்த பித்தளை, துத்தநாகம் பூசிய கம்பி, ஈயம் ஆகியவை தொட்டிக்குள் செல்லலாகாது. நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றின் அறிவியல் அறையில் மீன் தொட்டி ஒன்று இருந்தது. மாணவர் ஒருவர் ஆர்வ மிகுதியால் சிறிய பித்தளை மணி ஒன்றைச் செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டார். காண்பதற்கு அது அழகாகவே இருந்தது. சில நாட்களில், கண்ணாடியைப் பற்றி ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகப் பிடி தளர்ந்து அடியில் விழுந்து கிடந்தன. "மீன்கள் நலமாக இருக்கின்றனவே, ஐயா! மணியில் குற்றம் இருக்க முடியாதே!" என்றார் அம்மாணவர். அவர் கூற்றிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் செம்பின் நஞ்சு நத்தையையும் இறாலையும் முதலில் தாக்கும். அளவு மிகும்போது மீனையும் தாக்கும். வயல்களில் நத்தைகளை ஒழிக்கச் செம்புச் சத்தாகிய மயில்துத்தத்தைப் பயன்படுத்தியது அதனாலன்றோ? மணியை வெளியே எடுத்து நீரை மாற்றிய பின் மீன்கள் பிழைத்தன, நத்தைகள் பிழைக்கவில்லை. மீன் இன்னும் சாகவில்லை என்பது நீர் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. இப்பாடத்தை அவ்வகுப்பினர் அந்நத்தைகளிடமிருந்தே கற்றனர்.

கொலுவில் வைக்கும் பொம்மைகளைத் தொட்டிக்குள் வைக்க விழையும் சிறுவர்களும் உளர். காகிதக் கூழால் ஆன பொம்மை ஊறிச் சிதையும். பாரிஸ் சாந்துப் பொம்மை சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் கடினத்தன்மையை உயர்த்தும். அவற்றின் மேற்பூசிய வண்ணமோ, நீரில் நெடுங்காலம் கிடப்பதற்கென ஆக்கப்பட்டதன்று. சிமெண்டினால் செய்த குகைகளும் புதியனவாக இருக்கும்போது சுண்ணத்தை வெளிவிட்டு நீரைக் கடுங்காரமாக்கும். பல வாரங்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பின்னரே அவற்றைப் பயன்படுத்தலாம். மெருகு பூசிய பீங்கானில் ஈயம் கலந்திருத்தல் கூடும். மெருகு பூசாமல் சுட்ட சாதாரண மண் பூந்தொட்டியோ ஏற்ற பொருள். அதனைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாதி மணலில் புதைத்தால் சிறந்த குகை ஆகும். புதிய தொட்டியையே பயன்படுத்துக; உரமும் பூச்சிமருந்தும் ஏறிய பழைய பூந்தொட்டி வேண்டா. கற்களை ஒட்ட வேண்டுமாயின், மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்துக. குளியலறைக்கென விற்கப்படும் பசை சிலவற்றில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். அது மீனுக்கு ஆகாது.

இனி இரண்டாவது கேள்வி. மீனுக்குச் செதில் என்னும் கவசம் இருப்பினும், அதன் துடுப்புகள் மெல்லிய துகில் போன்றவை. நீண்ட துடுப்புடைய சண்டை மீனும், புடைத்த கண்களையுடைய பொன்மீன் வகையும் கூர்மையான விளிம்பில் உரசினால் எளிதில் காயமடையும். காயத்தின் வழியே கிருமிகளும் பூஞ்சைகளும் புகும். கடினமான பிளாஸ்டிக் இலை, உடைந்த கண்ணாடி, அச்சில் வார்த்த பொம்மையின் பிசிறு, புதிதாக உடைத்த கல்லின் முனை ஆகியவை இத்தகைய தீங்கு விளைப்பவை. இதனையும் எளிதில் சோதிக்கலாம். பழைய மெல்லிய பட்டுத் துணி ஒன்றைப் பொருளின் மேல் எல்லாப் பக்கங்களிலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். துணியின் நூலைப் பற்றி இழுக்கும் முனை, மீனின் துடுப்பையும் பற்றிக் கிழிக்கும். சிறு பிசிறாயின் அரத்தால் தேய்க்கலாம். இயலாதாயின் அப்பொருளை விலக்குக.

மூன்றாவது கேள்வி, சிக்குதல் பற்றியது. கோட்டையின் சாளரமும் கப்பலின் துளையும் மீனுக்கு வழியாகத் தோன்றும். தலை நுழைந்தபின் உடல் நுழையாவிடின், பின்னோக்கி வர முயலும்போது துடுப்பும் செதிலும் தடுக்கும். இன்று தாராளமாக நுழைந்து வெளிவரும் மீன், வளர்ந்த பின் ஒரு நாள் உள்ளே சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆகையால் துளையானது வளர்ந்த மீனும் திரும்பி வரத்தக்க அளவு அகன்றிருத்தல் வேண்டும். அன்றேல் தலையும் நுழையாத அளவு சிறியதாக இருத்தல் வேண்டும். இடைப்பட்ட அளவே ஆபத்து. குகைக்கு இரு வாயில்கள் இருப்பின் நீரும் உள்ளே தேங்காது.

கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். மணலைப் பரப்பிய பின் அதன்மேல் பெருங்கல்லை வைத்தால், மணலைக் கிளறும் மீன்கள் கல்லின் அடியைத் தோண்டிவிடும். கல் சாய்ந்து மீன் நசுங்கலாம். கண்ணாடியும் விரிசல் காணலாம். எனவே பெருங்கல்லைத் தொட்டியின் அடித்தளத்திலேயே, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் மீது அசையாமல் அமைத்து, அதன் பின்னரே மணலை இடுக. நீர்ப்பரப்பையும் முழுவதும் மூடுதல் கூடாது. நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டையைப் போலவே, சண்டை மீனும் கௌராமியும் நீரின் மேல் வந்து காற்றையும் சுவாசிப்பவை. மிதக்கும் அணிகளால் மேற்பரப்பை அடைத்துவிட்டால், நீருக்குள்ளேயே அவை மூச்சுத் திணறும்.

நான்காவது கேள்வி, அழுகுதல். மரத்துண்டு தொட்டிக்கு இயற்கை எழிலைத் தருவது. ஆனால் பச்சை மரமும் பிசின் வடியும் மரமும் ஆகா. நன்றாக உலர்ந்து முதிர்ந்த கெட்டி மரத்தைத் தேர்ந்தெடுத்து, வேகவைத்து, நீரில் அமிழும் வரை ஊறவைத்துப் பயன்படுத்துதல் வேண்டும். மரத்திலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள் நீரைத் தேநீர் போலப் பழுப்பாக்கும். சிறிது அமிலத்தன்மையையும் தரக்கூடும். இது பெரும்பாலும் தீங்கன்று. மென்னீர் மீன்களுக்கு ஏற்றதே. நம் நாட்டு வாதுமை மரத்தின் உலர்ந்த இலையைச் சண்டை மீன் வளர்ப்போர் விரும்பி இடுவதும் இதனாலேயே. நம் சமையலறையில் கிடைக்கும் கொட்டாங்கச்சியும் நல்ல குகையாகும். பருப்பு சிறிதும் ஒட்டாமல் சுரண்டி, நாரை நீக்கி, நன்றாக வேகவைத்து, விளிம்பைத் தேய்த்து வைத்தால், காசு கொடுத்து வாங்கும் கோட்டையைவிட மீன் அதனையே விரும்பும்.

உயிருள்ள செடிகளிலும் தேர்வு வேண்டும். 'அதிர்ஷ்ட மூங்கில்' என்ற பெயரில் விற்கப்படும் செடி மூங்கிலும் அன்று, நீர்ச்செடியும் அன்று. நீருக்குள் முழுவதும் மூழ்கடித்தால் அது நாளடைவில் அழுகும். ஹைட்ரில்லா, வாலிஸ்னீரியா போன்ற நீர்ச்செடிகளோ அங்கேயே வாழ்ந்து வளரும். ஹைட்ரில்லாவின் மேல் புனலையும் சோதனைக்குழாயையும் கவிழ்த்துப் பிராணவாயுவைச் சேகரிக்கும் சோதனையை நீங்கள் பள்ளியில் கண்டிருப்பீர்கள். சோதனைக்குழாயில் நிகழ்ந்தது தொட்டியிலும் நிகழும்.

இங்கே வரலாற்றுச் செய்தி ஒன்றைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், பொன்மீன்களையும் வாலிஸ்னீரியாச் செடியையும் ஒரே கலத்தில் வைத்துத் தாம் செய்த ஆராய்ச்சியை 1850-இல் வெளியிட்டார். செடி மீனுக்குப் பிராணவாயுவைத் தந்தது. ஆனால் பழுத்து அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவ்விலைகளைத் தின்னும் நத்தைகளை அவர் உடன் விட்ட பின்னரே நீர் தெளிந்தது. அத்தொட்டியில் செடியும் அழகு, நத்தையும் அழகு. ஆயினும் அழகுக்காக மட்டும் அங்கே ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் தன் பணியைச் செய்தது.

இதுவே நம் ஐந்தாவது கேள்விக்கு விடை காட்டுகின்றது. நல்ல அணி என்பது மீனுக்கு ஏதேனும் ஒரு வகையில் உதவுவது. ஒளிய இடமில்லாத வெற்றுத் தொட்டியில் மீன் அச்சத்துடனேயே வாழும். பற்றிக்கொள்ள நிழலும் மறைவிடமும் இருப்பின், அது அஞ்சாமல் வெளிவந்து உலவும். மறைவிடம் அமைத்த பின் மீன் நம் கண்ணுக்குக் குறைவாகத் தென்படும் என்று எண்ண வேண்டா. ஒளிய இடம் உண்டு என்று அறிந்த மீனே துணிந்து வெளியில் திரியும். மேலும், கல்லின் மீதும் மணலின் மீதும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் படிந்து வாழ்கின்றன. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதனினும் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியைத் தூய்மை செய்கிறோம் என்று எல்லாக் கற்களையும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவுவோர், இந்த நண்பர்களையும் சேர்த்தே வெளியேற்றிவிடுகின்றனர்.

பொருளைத் தேர்ந்தெடுத்த பின் செய்ய வேண்டியவை சில உள. சோப்பினால் கழுவுதல் ஒருபோதும் கூடாது. கல்லின் மேல் வெந்நீரை ஊற்றித் தூரிகையால் தேய்க்கலாம். கல்லைக் கொதிநீரிலிட்டு வேகவைக்க வேண்டா. உள்ளே ஈரம் அடைபட்ட கல் வெடித்தல் கூடும். எப்பொருளையும் ஒரு வாரமேனும் தனி வாளி நீரில் ஊறவைத்து, நிறம் இறங்குகிறதா, நாற்றம் எழுகிறதா, எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். பல பொருள்களை ஒரே நாளில் வைக்காமல் ஒவ்வொன்றாக வைத்தால், தீங்கு நேர்ந்தபோது காரணம் எளிதில் புலப்படும். மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்றல், உடலைக் கல்லில் உரசுதல், வழக்கத்துக்கு மாறாக நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுதல் ஆகியவை துன்பத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் புதிய பொருளை வெளியே எடுத்து, தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுக. மாற்றும் நீர் குளோரின் நீங்கியதாக இருத்தல் வேண்டும்.

மாணவர்களே, இவை யாவும் பெரும் பொருட்செலவில் செய்ய வேண்டியவை அல்ல. சில துளிக் காடி, ஒரு துண்டு பட்டுத் துணி, ஒரு வாளி நீர், ஒரு வாரப் பொறுமை ஆகியவையே தேவை. வரும் விடுமுறையில் ஒரு கருங்கல், ஒரு சலவைக்கல் துண்டு, ஒரு சிப்பி ஆகிய மூன்றையும் எடுத்து, காடித் துளிகளால் நீங்களே சோதித்துப் பாருங்கள். நீங்கள் கற்ற அமிலமும் காரமும் உங்கள் வீட்டு முற்றத்தில் உயிர் பெற்று எழுவதைக் காண்பீர்கள். அதன் பின் கடைக்குச் சென்றால், 'இது எனக்கு அழகாக இருக்குமா?' என்று கேட்பதற்கு முன்பே, 'இதனோடு என் மீன் வாழ முடியுமா?' என்ற கேள்வி உங்கள் உள்ளத்தில் எழும்.